சாலை, நேரம், அதிகாரம்: புதுச்சேரியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

சாலையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் சிரித்துவிட்டார். 'குண்டும் குழியுமான சாலை, பொதுமக்கள் அவதி, இதுதானே? பேப்பர்காரன் தினமும் போடறான். இதுல நீ புதுசா என்னத்தக் கட்டுடைக்கப் போற?' என்றார். கேள்வி நியாயமானதுதான். மொழி, உடல், சாதி, பால், தேசம் என ஒவ்வொன்றிலும் அதிகாரம் செயல்படும் விதங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். தினமும் காலால் மிதிக்கும் தார்ச்சாலையை மட்டும் இன்ஜினியர்களிடம் விட்டுவிட்டோம். தெருவில் யார் நடுவில் போகலாம், யார் ஓரமாக ஒதுங்க வேண்டும், யார் காத்து நிற்க வேண்டும் என்பவை வெறும் தொழில்நுட்ப விஷயங்களாகவே பேசப்படுகின்றன. இவை அதிகாரம் தொடர்பான கேள்விகள் என்பதைப் புதுச்சேரியை முன்வைத்து விளக்க முயல்வதே இக்குறிப்புகளின் நோக்கம்.

எங்கள் ஊர் வில்லியனூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். எட்டு மணி நேர ஷிஃப்ட். ஊரிலிருந்து வில்லியனூருக்கு ஒரு வண்டி, அங்கிருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு வண்டி, பிறகு மேட்டுப்பாளையத்துக்கு ஒரு வண்டி. வரைபடத்தில் பார்த்தால் வில்லியனூரும் மேட்டுப்பாளையமும் நகரத்துக்கு வெளியே அடுத்தடுத்துதான் இருக்கின்றன. ஆனால் பஸ் வழித்தடங்கள் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி. எல்லாம் மையத்தில் வந்து சேரும், மறுபடி வெளியே போகும். ஆரத்திலிருந்து பக்கத்து ஆரத்துக்குத் தாவ முடியாது. 'எட்டு மணி நேர வேலைன்றாங்க தம்பி. நான் காலையில அஞ்சே முக்காலுக்கு வீட்ட விட்டா ராத்திரி ஏழு மணிக்குத்தான் அடுப்பாண்ட வர்றேன். மீதி அஞ்சு மணி நேரத்துக்கு எவன் சம்பளம் குடுக்கறான்?' என்று ஒருநாள் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் ஒரு வரலாறு உண்டு. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1937இல் எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமானது. ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 30 அன்று அந்தத் தியாகிகளை நினைவுகூர்கிறோம். ஆனால் 12 உயிரைக் கொடுத்து வாங்கிய அந்த நேரத்தைச் சாலை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதைக் கவனிக்கவில்லை. மில் வாசலில் பறிபோன நேரம் கண்ணுக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாப்பில் பறிபோகிற நேரம் யார் கணக்கிலும் வருவதில்லை. அதை எடுத்துக்கொள்கிற முதலாளிக்கு முகமும் கிடையாது. சாலை மேம்பாடு என்ற சொல்லை இந்த இடத்திலிருந்துதான் வாசிக்க வேண்டும் என நினைக்கிறேன். யாருடைய நேரம் மேம்படுகிறது?

2

புதுச்சேரி 'பிரெஞ்சுக்காரன் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட ஊர்' என்று சொல்லப்படுவதுண்டு. அந்தக் கோட்டுக்கு அதைவிடச் சிக்கலான கதை இருக்கிறது. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்களின் கையில் இருந்தது. நேர்கோட்டுத் தெருக்களின் மூலத்தை அக்காலத்து டச்சு வரைபடங்களில் கண்டு எழுதியவர் ழான் தெலோஷ். ரயிலுக்கு முந்தைய இந்தியாவின் சாலைகளையும் நீர்வழிகளையும் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதிய இந்த வரலாற்றாய்வாளர் புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்தவர். 1761இல் பிரிட்டிஷார் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் திரும்பக் கைக்கு வந்தபின் பிரெஞ்சுக்காரர்கள் பழைய கோடுகளின் மீதே மறுபடி கட்டினார்கள். நடுவே வாய்க்கால். அதற்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். இரண்டையும் சுற்றி புல்வார். புல்வாருக்கு வெளியே குப்பங்களும் சேரிகளும் தோப்புகளும்.

வாய்க்காலுக்கு மேற்கே தெருப் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு, வைசியாள் வீதி. நிறத்தால் ஒரு வெட்டு, சாதியால் இன்னொரு வெட்டு. காலனியமும் சாதியமும் ஒரே வரைபடத்தில் சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கின்றன.

யார் எதில் போகலாம் என்பதும் இங்கு வெறும் வசதிப் பிரச்சினையாக இருந்ததில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் 18ஆம் நூற்றாண்டு நாட்குறிப்பைப் படிப்பவர்கள் பல்லக்கும் குடையும் மேளமும் எப்படி மரியாதையின் அளவுகோல்களாக இருந்தன என்பதைக் காணலாம். பின்னால் வந்த 'புஸ்-புஸ்' வண்டி இதைவிட வெளிப்படையானது. உட்கார்ந்திருப்பவர் கையில் திசை திருப்பும் கம்பி, பின்னாலிருந்து தள்ளுபவர்கள் நம்மவர்கள். திசை ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு. இவ்வளவு துல்லியமான அரசியல் உருவகத்தை நாமாக யோசித்திருந்தால் கூடக் கிடைத்திருக்காது.

இந்த அடுக்குமுறைக்குள்ளேயே வேறொரு மரபும் இருந்தது. தமிழர் பகுதி வீடுகளின் முன்னால் திண்ணை, திண்ணைக்கும் முன்னால் தெருவை ஒட்டித் தாழ்வாரம். மரத்தூண்கள் மீது சாய்ந்த ஓட்டுக் கூரை. வரிசையாக வீடுகள் இப்படி அமைந்தபோது தெரு முழுக்க நிழல் ஓடியது. வெயிலிலும் மழையிலும் நடப்பவர் அதனடியில் போகலாம், களைத்தால் உட்காரலாம். இன்றைய மொழியில் சொன்னால் கூரை போட்ட நடைபாதை. தனியார் வீட்டின் ஒரு பகுதி பொதுவெளியாக நீண்டிருந்தது எனலாம். அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், அந்தத் தெருவில் யார் நடக்கவே முடியாது என்பதைச் சாதி தீர்மானித்தது என்பதையும் மறக்கக் கூடாது. 'பழைய புதுச்சேரி'யை நினைத்து உருகுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் நடப்பவருக்காகத் தெருவை வடிவமைக்கிற அறிவு இங்கே இருந்தது என்பது முக்கியம். வைசியாள் வீதியில் பாரம்பரியக் கட்டடங்களுக்கான இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ் இந்த முகப்புகளை மீட்டெடுத்தது. அதற்கு 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. மற்ற தெருக்களில் தாழ்வாரம் போன இடத்தில் பைக் நிற்கிறது.

3

சாலையில் போவதும் வண்டியில் ஏறுவதும் தமிழ்ச் சூழலில் எப்போதும் உடல் சார்ந்த உரிமைப் போராட்டமாகவே இருந்து வந்திருக்கின்றன. 1924-25 வைக்கம் போராட்டத்தைக் கோவில் நுழைவு என்று பலர் தவறாகச் சொல்கிறார்கள். கோவிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கிற உரிமைக்காக நடந்த போராட்டம் அது. 1920களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் தனியார் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். டிக்கெட் வாங்கினால் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பது மோட்டாரோடு தானாக வந்துவிடவில்லை. அதற்கு ஓர் உத்தரவும் தண்டனை பற்றிய பயமும் தேவைப்பட்டன.

எழுபது ஆண்டுகள் கழித்து 1997இல் என்ன நடந்தது? விருதுநகரைத் தலைமையாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் என்ற தலித் வீரரின் பெயரைத் தமிழக அரசு வைத்தது. ஆதிக்க சாதியினர் அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை 'நாற்றம்' என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தியும் நினைவிருக்கும். அதே ஆண்டு மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அடுத்த ஆண்டே ஓர் அமைச்சர் மேடையிலிருந்து அதை 'ஓசி' என்றார். ஆக, பஸ் என்பது வெறும் வாகனமில்லை. உடல்கள் நெருங்கி உட்காருகிற, தொட்டுக்கொள்கிற, முகம் பார்க்கிற வெளி. அதனால்தான் சாதி அதன் மீது இவ்வளவு ஆத்திரப்படுகிறது. பஸ் குறைந்து எல்லாரும் தனித்தனி வண்டிக்குப் போகும்போது நேரமும் பணமும் போவதோடு, இந்த வெளியும் சுருங்குகிறது.

சைக்கிளுக்கும் இதே கதை உண்டு. சேரி இளைஞன் ஊர்த் தெருவில் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற விதி எத்தனை கிராமங்களில் இருந்தது என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்களைப் பொறுத்தவரை புதுக்கோட்டை அனுபவம் முக்கியமானது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அந்த மாவட்டத்தில், பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்க, விளைபொருள் விற்க, பிள்ளையைப் பள்ளியில் விட, கணவனையோ அண்ணனையோ எதிர்பார்க்க வேண்டாம் என்றானது. பஸ் வரும் நேரத்துக்குக் கட்டுப்படாத நேரம் முதன்முறையாக அவர்கள் கைக்கு வந்தது.

என் அப்பா ரோடியர் மில்லில், அதாவது ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸில், நெசவுப் பிரிவில் இருந்தார். சங்கு ஊதினால் வாசலிலிருந்து சைக்கிள்கள் ஆறு மாதிரி கடலூர் சாலையில் இறங்கும். அந்த நேரத்தில் லாரிக்காரன்தான் ஓரம் கட்டி நிற்பான். சாலை யாருடையது என்பதை எண்ணிக்கை தீர்மானித்த நாட்கள் அவை. மில் 2020இல் மூடப்பட்டது. 2024இல் பஸ் ஸ்டாண்டைப் புதுப்பிக்க இடித்தபோது அதே மில்லின் திடலில்தான் தற்காலிக பஸ் ஸ்டாண்ட் நடந்தது. அப்பா ஷிஃப்டுக்காக ஓடிய இடத்தில் பக்கத்து வீட்டு அக்கா பஸ்ஸுக்காக ஓடினார்.

4

வேகம் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1970களில் இவான் இல்லிச் ஓர் எளிய கேள்வி கேட்டார். காரில் செலவழியும் நேரத்தோடு, அந்தக் காருக்கான பணத்தைச் சம்பாதிக்கிற நேரத்தையும் சேர்த்தால் என்ன ஆகும்? ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் கொடுத்து 7,500 மைல் போகிறார். மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு, நடையைவிடச் சற்றே அதிகம் என்றார்.

இதை எங்கள் தெருவுக்குப் பொருத்திப் பார்த்தேன். சேதராப்பட்டில் வேலை செய்கிற தம்பி ஒருவனுக்கு மாதம் 13,000 ரூபாய், 26 நாள், தினம் எட்டு மணி நேரம். ஒரு மணி நேர உழைப்பு 62 ரூபாய் 50 காசு. பைக் தவணை 3,000, பெட்ரோல் 1,400, ரிப்பேருக்கு 100. மொத்தம் 4,500. அதாவது மாதத்தில் 72 மணி நேரம் வண்டிக்காக உழைக்கிறான். தினம் போக வர 25 கிலோமீட்டர் என்றால் மாதம் 650. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 22 மணி நேரம். இரண்டையும் கூட்டினால் 94 மணி நேரத்தில் 650 கிலோமீட்டர். மணிக்கு ஏழு கிலோமீட்டர். அப்பாவின் சைக்கிள் அதைவிட வேகமாகப் போனது. 'வேற வழி? பஸ்ஸு ஏது?' என்றான் தம்பி. அவன் சொல்வது சரி. பைக் வாங்கியது அவனுடைய தேர்வு என்று எந்தச் சந்தைப் பொருளாதாரமும் சொல்லும். ஆனால் பஸ் இல்லாத இடத்தில் பைக் தேர்வாக இல்லை, அவன் தலையில் விழுந்த வரியாக இருக்கிறது. அரசு செய்ய வேண்டிய முதலீட்டை அவன் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இப்போது மேம்பாலத்துக்கு வருவோம். இந்திரா காந்தி சதுக்கத்துக்கும் ராஜீவ் காந்தி சதுக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீள உயர்மட்டச் சாலைக்கு 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 400 கோடி ரூபாய்க்கு மேல். அந்த இரண்டு சிக்னல்களிலும் நின்றவர்கள் யாரும் நெரிசல் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கடலூர் பக்கமிருந்தும் விழுப்புரம் பக்கமிருந்தும் ஜிப்மருக்குப் போகும் ஆம்புலன்ஸும் அதில் சிக்குகிறது. எனவே 'மேம்பாலம் வேண்டவே வேண்டாம்' என்று கோஷம் போடுவது எளிது, பதிலாகாது. கேட்க வேண்டியது வேறு. ஜிப்மருக்கு வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் பஸ்ஸில் வரும் ஏழைகள். பாலம் யாரைத் தூக்கிக்கொண்டு போகும்? நிற்காமல் போகிறவரை. நிறுத்தத்தில் இறங்க வேண்டிய பஸ் பயணி, சாலையைக் கடக்கிறவர், சைக்கிள்காரர், பூக்காரம்மா எல்லாரும் கீழே தூண்களுக்கு நடுவில்தான்.

இன்னொன்று. சாலையை அகலமாக்கினால் நெரிசல் குறையும் என்பது பார்க்கச் சரியாகத் தெரியும். ஆனால் அகலமான சாலை புதிய வாகனங்களை இழுத்துக்கொள்ளும் என்பதை ஆந்தனி டவுன்ஸ் 1962லேயே விளக்கிவிட்டார். நெரிசலுக்குப் பயந்து பஸ்ஸில் போனவர், வேறு நேரத்தில் போனவர், போகாமலே இருந்தவர் எல்லாரும் புதிய சாலைக்கு வருவார்கள். சில ஆண்டுகளில் நெரிசல் பழைய அளவுக்கே திரும்பும், கூடுதல் வண்டிகளோடு. சியோல் நகரத்தில் சியோங்க்யேசியோன் ஓடையை மூடி அதன் மேல் கட்டிய உயர்மட்டச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். நகரம் ஸ்தம்பித்துவிடவில்லை. ஆனால் அந்தச் 'சீரமைப்பில்' அங்கிருந்த தெருவியாபாரிகள் வெளியேற்றப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பசுமை என்ற பெயரிலும் விளிம்புநிலையினரைத் துடைத்தெறிய முடியும்.

5

'கவர்மெண்ட் பஸ்ஸ அதிகமா விட்டா சரியாப் போச்சு' என்று சொல்லிவிடலாம். சரியாகாது. இங்கே பஸ் ஓடும் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். புதுச்சேரியில் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களோடு தனியார் பஸ்களும் டெம்போக்களும் ஓடுகின்றன. தனியார் பஸ்ஸில் ஓட்டுநர், நடத்துநர் படி வசூலைப் பொறுத்தது. முன்னால் போகிற வண்டியை முந்தினால் அடுத்த நிறுத்தத்துக் கூட்டம் நமக்கு. பின்னால் வருகிறவனுக்குக் காலி நிறுத்தம். அதனால் இரண்டு வண்டி ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும், பிறகு முக்கால் மணி நேரம் ஒன்றும் வராது. ஸ்டாண்டில் டைமிங் தகராறு. பஸ்ஸை விட்டு இறங்குகிற கிழவிக்கு ஓட்டுநர் ஏன் அவசரப்படுத்துகிறான் என்றால், அவள் இறங்குகிற அரை நிமிஷம் அவனுடைய படியிலிருந்து கழிகிறது. அவனுடைய குணத்தைத் திட்டிப் பயனில்லை, சம்பள முறை அவனை அப்படி ஓட்டுகிறது. டெம்போ கை காட்டிய இடத்தில் நிற்கும், அது அதன் பெருமை. ஆனால் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், கூட்டம் இல்லாத ஊருக்குப் போகாது.

கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் இதே நிலைக்கு 'சல்லிக்காசு யுத்தம்' என்று மக்கள் பெயர் வைத்திருந்தார்கள். 2000 டிசம்பரில் அங்கே டிரான்ஸ்மிலேனியோ என்ற பஸ் அமைப்பு தொடங்கியபோது இரண்டு மாற்றங்கள் நடந்தன. சாலை நடுவில் பஸ்ஸுக்கென்று தனித் தடம். தனியார் முதலாளிக்குப் பயணிகள் எண்ணிக்கைக்குப் பதில் ஓடிய கிலோமீட்டருக்குப் பணம். துரத்துவதில் லாபம் போனது. இதை ஒரு சொர்க்கமாகக் காட்டவில்லை. கூட்டமும் கட்டணமும் தாங்க முடியாமல் 2012இல் மக்கள் அதன் நிலையங்களை மறித்துப் போராடினார்கள். ஆனால் அடிப்படைப் பாடம் நமக்கு உதவும். வழித்தடத்தையும் நேரத்தையும் அரசு தீர்மானித்து, கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்தால், வசூல் வராத உள்ளூருக்கும் கடைசி வண்டி போகும்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்றது ஒரே துண்டு நிலமல்ல. விழுப்புரம் சாலையில் போனால் வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி புதுச்சேரி. பயணிக்கு ஒரே சாலை. பெர்மிட்டுக்கு இரண்டு அரசுகள். 18ஆம் நூற்றாண்டின் கும்பெனிச் சண்டைகள் வரைந்த எல்லை இன்றைக்கும் பஸ் எங்கே திரும்ப வேண்டும் என்பதில் தலையிடுகிறது. இரண்டு அரசும் சேர்ந்து இந்த வட்டாரம் முழுவதற்கும் ஒரே பஸ் வலையமைப்பைத் திட்டமிடாதவரை, ஆரத்துக்கு ஆரம் தாவும் பஸ் வராது. அக்காவின் மூன்று வண்டி இரண்டாகாது.

6

நகரத்துக்குள் வருவோம். புல்வாருக்குள் எங்கிருந்து எங்கு போனாலும் சைக்கிளில் பத்து நிமிஷம். மேடு பள்ளம் இல்லை. சைக்கிளுக்கு இதைவிடத் தோதான ஊர் தமிழ்ப் பகுதியில் அரிது. ஆனால் இன்று சைக்கிள் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். வாரக் கடைசியில் வருகிற சுற்றுலாக்காரர் வாடகைக்கு எடுத்து வெள்ளையர் நகரத்தில் மெதுவாக ஓட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார். அவருக்கு மெதுவாகப் போவது ரசனை. அதே மெதுவில் கடலூர் சாலையில் போகும் கட்டடத் தொழிலாளிக்கு அது உயிர்ப் பயம். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. நல்ல ஏற்பாடு, அதில் நானும் நடக்கிறேன். ஆனால் நடப்பவருக்குத் தெருவைத் திறந்துவிட முடியும் என்பதை இந்த அரசு நிரூபித்திருப்பது வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும்தான். பழைய வெட்டு அழியவில்லை.

மேற்கே ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அரசு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி சாலையில் கூடுகிற சந்தை. அன்றைக்கு அந்தச் சாலையில் துணி, பிளாஸ்டிக், செருப்பு, பழைய சாமான் எல்லாம் தரையில். வண்டி தானாக ஒதுங்குகிறது. நகரம் நின்றுவிடுவதில்லை. தெருவை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம் என்பதை எளிய வியாபாரிகள் வாராவாரம் செய்து காட்டுகிறார்கள். நடைபாதை என்று பேசும்போது 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று முதலில் அவர்கள் மீதுதான் பாய்கிறார்கள். நடைபாதையை உண்மையில் பிடித்து வைத்திருப்பது இலவசமாக நிறுத்தப்படும் வண்டிகள். தள்ளுவண்டி பிழைக்கிற இடத்துக்கு அபராதம், கார் தூங்குகிற இடத்துக்கு வாடகை கூட இல்லை.

சென்னை பாண்டி பஜாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயரைக் கேட்டுப் புதுச்சேரியோடு சம்பந்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. பஸ்ஸில் எல்லாரையும் ஏற்ற உத்தரவு போட்ட அதே சௌந்தரபாண்டியனின் பெயர் அது. 2019 நவம்பரில் அங்கே வண்டிக்கான இடத்தைக் குறைத்து நடப்பவருக்கு அகலமான பாதை திறந்தார்கள். சட்டப்படியும் அளவுகள் இருக்கின்றன. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 விதிப்படி நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர். தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006லேயே வாகனங்களைவிட மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று சொல்லிவிட்டது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நடைபாதையில் நடக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவோடு, உயிர்வாழும் உரிமையோடு, சேர்த்துச் சொன்னது. இது மிகை இல்லை. 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் மரண விபத்து ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எனவே என்ன கேட்கலாம்? புல்வாரைச் சுற்றிச் சைக்கிளுக்கு, வெறும் பெயிண்ட் கோடு போதாது, தடுப்பு வைத்த தடம். வாய்க்காலின் இருபுறமும் ஓடும் செஞ்சி சாலையிலும் ஆம்பூர் சாலையிலும் தெற்கு வடக்காக ஒன்று. உள்தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. ஒருவழிப் பாதை மோட்டாருக்கு மட்டும்: பெட்ரோலுக்குச் சுற்றுவது பெரிதில்லை, காலால் மிதிப்பவரை ஏன் சுற்ற வைக்க வேண்டும்? வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் நிழலும் நடைபாதையும். தாழ்வாரத்தை இன்றைய வடிவில், இம்முறை எல்லாருக்குமாக. வில்லியனூர், அரியாங்குப்பம், லாஸ்பேட்டை பக்கங்களிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் சைக்கிளில் வந்து பூட்டிவிட்டுப் போக ஒரு கொட்டகை. இவற்றில் எதற்கும் 400 கோடி வேண்டாம்.

7

நண்பர் இதைப் படித்துவிட்டு, 'இதெல்லாம் சீர்திருத்தவாதம் இல்லையா?' என்று கேட்டார். இருக்கலாம். ஆனால் எட்டு மணி நேர வேலையும் ஒரு காலத்தில் சீர்திருத்தம்தான். நேரம் இல்லாத உடலுக்குச் சங்கக் கூட்டம் கிடையாது, வாசிப்பு கிடையாது, காதல் கிடையாது, பிள்ளையோடு பேசக் கூட நேரம் கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவை ஒரு கூட்டத்துக்கு அழைத்தேன். 'எத்தினி மணிக்கு தம்பி? முடிஞ்சா திரும்ப வர்றதுக்கு வண்டி இருக்குமா?' என்று கேட்டார். இல்லை. அவர் வரவில்லை. நம் கூட்டங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக் கடைசி பஸ் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஒரு யோசனையை விவாதத்துக்கு வைக்கிறேன். புதுச்சேரியில் எந்தச் சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டாலும், அதனால் பஸ்ஸிலும் சைக்கிளிலும் காலாலும் போகிறவருக்கு எத்தனை நிமிஷம் மிச்சம் என்பதை முதலில் வெளியிட வேண்டும் என்று கேட்போம். வேலைக்குப் போய்வரும் நேரத்தை வேலை நேரத்தின் பிரச்சினையாகத் தொழிற்சங்கங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். வருகிற ஜூலை 30 கூட்டத்தில் இதை ஒரு கோரிக்கையாக வைக்கலாமா? அப்படி வைப்பதென்றால், அக்கா வந்துவிட்டுத் திரும்புகிற நேரமாகப் பார்த்துக் கூட்டத்தை வைக்க வேண்டும்.